பாட்டில் கொண்டு வந்தியா?

ஒரு காலத்தில் நம் ஊர்களில் டாக்டர் வீட்டுக்குக் கிளம்புகிறவர் கையில் காலி பாட்டில் ஒன்று இருக்கும். உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். தலைவலியோ, வயிற்றுக் கடுப்போ, நாத்தனார் பேசிய பேச்சில் கிளம்பிய நெஞ்செரிச்சலோ, எதுவானாலும் முதலில் தேடுவது பாட்டிலைத்தான். பரணில் கிடக்கும் தேங்காயெண்ணெய் பாட்டில், போன தீபாவளிக்கு வந்த பன்னீர் பாட்டில், சித்தப்பா எங்கிருந்து கொண்டுவந்தார் என்று யாரும் கேட்காத குவார்ட்டர் பாட்டில் என்று ஏதோ ஒன்றைக் கழுவி, தக்கை கிடைக்காவிட்டால் காகிதத்தைச் சுருட்டி அடைத்து, மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போனால், மரத் தடுப்புக்குப் பின்னால் நிற்கும் கம்பவுண்டர் உடம்புக்கு என்ன என்று கேட்கமாட்டார். பாட்டில் கொண்டு வந்தியா என்றுதான் கேட்பார். கொண்டு வராதவர்களுக்கு பாட்டிலுக்குத் தனிக்காசு.

அந்தத் தடுப்புக்குப் பின்னால், கம்பவுண்டருக்கும் பின்னால், கிணற்றடியில் குந்தி அந்தப் பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்த பையன் நான்.

1973 கோடை. எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிட்டு, புகுமுக வகுப்புக்கு எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று முடிவாகாமல் திண்ணையில் கிடந்த காலம். என்னப்பா படிக்கப்போறே என்று கேட்டவர்களிடமெல்லாம் டாக்டருக்கு என்று சொல்லிவைத்திருந்தேன். ஏன் என்று கேட்டால் ஏழைகளுக்குச் சேவை செய்ய என்ற பதில் தயார். பள்ளி ஆண்டுவிழாப் பேச்சுப் போட்டியில் எவர்சில்வர் டம்ளர் வாங்கித் தந்த பதில் அது. உள்ளே இருந்த காரணங்கள் வேறு. குடமுருட்டிக் கரையில் இருந்த எங்கள் ஊரில் டாக்டரிடம் மட்டும்தான் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார் இருந்தது. அது கடைத்தெருவுக்குள் நுழைந்தால் சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி நின்றார்கள். மிராசுதார்களைக் கூட ‘நாக்கை நீட்டுங்க’ என்று சொல்லி நீட்டவைக்க அவர் ஒருவரால்தான் முடிந்தது. பதினாறு வயதில் சேவை மனப்பான்மைக்கு இதைவிட வேறு என்ன தூண்டுதல் வேண்டும்?

அப்பா கிராமக் கர்ணம். (அந்த வேலையையே 1980இல் அரசாங்கம் ஒழித்துவிட்டது, அது வேறு கதை.) ஊரார் நிலத்துக் கணக்கையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தவருக்கு என் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு சாயங்காலம் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய், “பையன் டாக்டருக்குப் படிக்கணுங்கிறான். கொஞ்ச நாள் கூடமாட வெச்சிக்குங்க. லாயக்குப்படுவானான்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க” என்று ஒப்படைத்தார். விண்ணப்பம் இல்லை, சிபாரிசுக் கடிதம் இல்லை, அப்பா கையெழுத்துப் போட்ட உறுதிமொழிப் பத்திரம் இல்லை. டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நகத்தை வெட்டிக்கிட்டு நாளைக்கு வா” என்றார். நேர்முகத் தேர்வு அதோடு முடிந்தது.

டாக்டர் எல்.எம்.பி. படித்தவர். ராயபுரத்து ஸ்டான்லி 1938இல் கல்லூரியாக மாறுவதற்கு முன்னால், அது மருத்துவப் பள்ளியாக இருந்த நாளில், அங்கே படித்து வந்தவர். எம்.பி.பி.எஸ். என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள முடியாத வருத்தம் அவருக்கு இருந்ததோ என்னவோ, ஊருக்கு இல்லை. ஊருக்கு அவர் டாக்டரய்யா. அவருக்கு அடுத்த இடம் கம்பவுண்டருக்கு. சிலருக்கு அவரே முதலிடம். டாக்டர் எழுதுவது கம்பவுண்டருக்கு மட்டும்தான் புரியும் என்பதால், உண்மையான வைத்தியம் யார் கையில் இருக்கிறது என்பதில் ஊருக்கு இரண்டு கட்சி இருந்தது.

முதல் நாளே ஸ்டெதஸ்கோப்பைத் தொடலாம் என்று போனவனுக்கு பாட்டில் பிரஷ்தான் கிடைத்தது. வெந்நீர், வாஷிங் சோடா, பிரஷ். பிராந்தி பாட்டிலை மூன்று தரம் கழுவ வேண்டும். எண்ணெய் பாட்டிலுக்குக் கணக்கே இல்லை. அதில் தேறியதும் பதவி உயர்வு வந்தது: வேளைக் காகிதம் வெட்டுவது. இதைச் செய்தவர்கள் இப்போது அதிகம் பேர் இருக்கமாட்டார்கள் என்பதால் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்கிறேன். ஒரு விரல் அகலத்துக்கு நீளமாக ஒரு காகிதத் துண்டு. மருந்து ஆறு வேளைக்கு என்றால் ஆறாக மடிக்க வேண்டும். மடித்த ஓரத்தில் கத்தரிக்கோலால் சாய்வாக ஒரு வெட்டு. பிரித்தால் இரண்டு பக்கமும் பல் பல்லாக ஒரு ஏணி. அதை மைதாப் பசையில் பாட்டிலின் மேல் நெட்டுக்குத்தாக ஒட்டினால், ஒரு வேளைக்கு ஒரு பல். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் கணக்குத் தப்பாது. பாட்டில் தேங்காயெண்ணெயுடையதா பிராந்தியுடையதா என்று பார்த்து, அதன் வயிற்றுக்கும் கழுத்துக்கும் தக்கபடி பல்லின் இடைவெளியை மாற்றத் தெரிந்தவன் தேர்ந்த ஆள். நான் தேர்ந்தேன். என் வாழ்க்கையில் கைவேலை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான். அந்த வேலை உலகத்திலேயே இல்லாமல் போய்விட்டது.

பிறகு மிக்சர் கலக்குகிற மேஜைக்கு அருகில் நிற்க அனுமதி. நாட்டில் மெட்ரிக் அளவை வந்து எத்தனையோ வருஷமாகியும் அந்த மேஜையில் அவுன்ஸும் கிரெயினும் மினிமும்தான் ஆட்சி. பீங்கான் கல்வம், சிறு தராசு, தேய்ந்துபோன லேபிளோடு பெரிய பெரிய ஜாடிகள். கம்பவுண்டர் மாமா மந்திரம் ஜபிக்கிறவர் போல முணுமுணுத்துக்கொண்டே ஊற்றுவார்: சோடா பைகார்ப், டிங்க்சர் கார்டமம், டிங்க்சர் ஜிஞ்சர், ஸ்பிரிட் குளோரோஃபார்ம், பெப்பர்மிண்ட் வாட்டர். கார்மினேட்டிவ் மிக்சர் தயார். ரோஜா நிறம், ஏலக்காயும் இஞ்சியும் கலந்த வாசனை, தொண்டையில் சுள்ளென்று இறங்கி வயிற்றில் போய் ஒரு ஏப்பமாகத் திரும்பிவரும் அந்தச் சுகம். சொல்லுங்கள், அதற்காகவே வயிற்றுவலி வரவழைத்துக்கொண்டவர்கள் உங்கள் தெருவில் இல்லையா? எங்கள் பாட்டி இருந்தாள். வெங்காயம் பூண்டு கூடச் சேர்க்காதவள், ஏகாதசியன்று தண்ணீருக்கே யோசிப்பவள், மிக்சரை மட்டும் தீர்த்தமாக ஏந்திக் குடிப்பாள். அந்த ரோஜா நிறம் கோச்சினீல் என்ற பூச்சியை உலர்த்திப் பொடித்துப் பெறுகிற சாயம், ஏலக்காய் டிங்க்சரில் நிறத்துக்காகச் சேர்ப்பது, என்று கம்பவுண்டர் மாமா ஒரு மத்தியானம் என் காதில் சொன்னார். சப்பாத்திக்கள்ளியில் வளருகிற பூச்சி. இதே பூச்சிக்காக 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கம்பெனி டாக்டர் சென்னை சைதாப்பேட்டைப் பக்கம் கள்ளித் தோட்டம் போட்டுப் பாடுபட்டார் என்பதைப் பின்னாளில் படித்தேன். பாட்டியிடம் நான் சொல்லவில்லை. வைத்தியத் தொழிலில் எதைச் சொல்வது, எதை விழுங்குவது என்ற முதல் பாடம் எனக்கு அங்கே கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு மருந்து அட்டையில் வருகிறது. ஒவ்வொரு மாத்திரையும் தன் அறையில் தனியாகப் படுத்திருக்கிறது. பின்னால் என்ன இருக்கிறது, எத்தனை மில்லிகிராம், எப்போது காலாவதி என்று பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. அந்த ஜாடிகளில் என்ன இருந்தது என்பதற்கு கம்பவுண்டரின் ஞாபகத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை. தலைவலிக்கு அள்ளி அள்ளிக் கொடுத்த ஏ.பி.சி. மாத்திரையில் நடுவில் இருந்த ஃபெனாசிட்டின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று பிற்பாடு விலக்கிவிட்டார்கள். முழங்கால் சிராய்ப்பில் நாம் பெருமையோடு பூசிக்கொண்டு திரிந்த மெர்க்குரோகுரோமில் பாதரசம். வாய்ப்புண் குழந்தைகளெல்லாம் ஜென்ஷன் வயலெட் தடவி ஊதா வாயோடு தெருவில் விளையாடின. ஆனாலும் இன்றைய மாத்திரை ஒன்றுக்காவது வாசனை உண்டா, கேட்கிறேன்.

ஊசி விஷயத்தில் எனக்கு எந்த ஏக்கமும் கிடையாது. கண்ணாடி சிரிஞ்சு, மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் மேல் எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்கும் தண்ணீர், அதற்குள் சிரிஞ்சுகளும் ஊசிகளும் லொடலொடவென்று ஆடுகிற சத்தம், வெளியே பெஞ்சில் அதைக் கேட்டுவிட்டு அம்மாவின் புடவைக்குள் ஒளிகிற குழந்தைகள். ஊசி மழுங்கினால் கல்லில் தீட்டிக்கொள்வார் கம்பவுண்டர் மாமா. ஒரே ஊசி முதலியார் வீட்டு மருமகளுக்கும் மாட்டு வண்டிக்காரருக்கும் மாறி மாறிச் சேவை செய்தது. அந்த ஊரில் வேறு எதையும் அவர்கள் பகிர்ந்துகொண்டதில்லை. கண்ணாடி சிரிஞ்சு ஒழிய பயம் ஒன்று தேவைப்பட்டது. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும், அவரிடம் மேற்படிப்புக்காக ஆய்வு செய்துகொண்டிருந்த டாக்டர் நிர்மலாவும், நாட்டிலேயே முதல் தடவையாக எச்.ஐ.வி. கிருமியை ரத்த மாதிரிகளில் கண்டுபிடித்துச் சொன்னார்கள். படிக்கிற பெண் ஒருத்தி ரத்தம் சேகரித்துக்கொண்டு அலைந்ததில் வெளிவந்த சேதி அது. அதற்குப் பிறகு ஊசி போட்டுக்கொள்ள வந்த குடியானவர் கூட, “புதுசுதானே பிரிக்கிறீங்க?” என்று கேட்கத் தொடங்கினார். டாக்டரைக் கேள்வி கேட்கலாம் என்பதை எங்கள் பக்கத்துக்குச் சொல்லிக்கொடுத்ததே அந்தப் பிளாஸ்டிக் உறைதான் என்பது என் அபிப்பிராயம்.

கோடையில் வயிற்றுப்போக்கு வரும். வாந்தியும் போக்குமாகக் கயிற்றுக் கட்டிலில் தூக்கிக்கொண்டு வருவார்கள். சலைன் ஏற்ற வேண்டும். கனத்த கண்ணாடி பாட்டில். ஆனால் ஸ்டாண்ட் ஒன்றே ஒன்று. இரண்டாவது நோயாளிக்கு நான்தான் ஸ்டாண்ட். ஒரு கை வலித்தால் மறு கை, மறு கையும் வலித்தால் ஜன்னல் கம்பியில் சணலால் கட்டிவிட்டுக் கொஞ்சம் இளைப்பாறல். ஏழைகளுக்குச் சேவை செய்ய என்று மேடையில் முழங்கியபோது தோள்பட்டை இப்படிக் கடுக்கும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1971இல், வங்க எல்லையில் போன்கான் அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் சலைன் தீர்ந்துபோன நெருக்கடியில் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை நோயாளிகளின் உறவினர்களிடமே கொடுத்துக் குடிக்கவைத்து, நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவை 3.6 சதவீதத்துக்கு இறக்கிக் காட்டியிருந்தார். 1978இல் ‘லான்செட்’ பத்திரிகை, இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கலாம் என்று எழுதியது. அரசாங்கத்துக்குச் சேதி எட்ட இன்னும் நாளாயிற்று; பத்ம விபூஷண் 2023இல் வந்தது, அவர் காலமான பிறகு. குடமுருட்டிக் கரைக்கு எட்டுவதற்குள் நான் நிறைய நேரம் கையைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டேன்.

ஆனால் அந்தக் கோடையில் எனக்குப் பிடித்த வேலை இதெல்லாம் இல்லை. பென்சிலின் போடுவதற்கு முன் டெஸ்ட் டோஸ் போடுவார்கள். முன்கையில் தோலுக்குள் துளி மருந்து ஏற்றி, அதைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போட்டு, கொஞ்ச நேரம் உட்கார்த்திவைத்துப் பார்க்க வேண்டும். வட்டத்துக்குள் தடித்துச் சிவந்தால் பென்சிலின் ஆகாது. அந்தக் கொஞ்ச நேரத்துக்குக் காவல் நான். “கையையும் பாரு, மூஞ்சியையும் பாரு. மூச்சு மாறினா ஓடிவந்து சொல்லு. சும்மா உட்காராதே, பேச்சுக் கொடு” என்பது உத்தரவு. யாருக்கும் தெரியாத பையனிடம், அவன் தங்கள் கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, மனிதர்கள் என்னென்னவெல்லாம் பேசுகிறார்கள்! குறுவைக்கு மேட்டூரில் எப்போது தண்ணீர் திறப்பான் என்பதில் ஆரம்பித்து, பெண்ணுக்கு வரன் தகைந்து தட்டிப்போனது, தம்பி பங்கு கேட்டு வழக்குப் போட்டது, கடைசியில் குரலைத் தாழ்த்தி, வந்தது இந்தக் கால் புண்ணுக்கு இல்லை தம்பி, ராத்திரியில் தூக்கம் வரமாட்டேங்குது, அதை டாக்டரய்யாகிட்டே எப்படிச் சொல்றது என்று வந்து நிற்கும். நான் போய் டாக்டரிடம் ஒப்பிப்பேன். அவர் ஒன்றும் தெரியாத மாதிரி வந்து, கால் கட்டைப் பிரித்துக்கொண்டே, “உன் தம்பி சௌக்கியமா?” என்பார். அவ்வளவுதான், கொட்டித் தீர்த்துவிடுவார்கள். புண் ஆற பென்சிலின் உதவியிருக்கும். மற்றதற்கு எது உதவியது என்று எந்தச் சீட்டிலும் எழுதவில்லை.

என் அக்காவின் பேத்தி இப்போது அரசு மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் பிடித்தவள். எங்கள் வம்சத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட முதல் ஆள். போன மாதம் வந்தபோது, நோயாளியிடம் பேசுவது எப்படி என்று ஒரு பாடம் இருக்கிறது தாத்தா, அதற்குப் பரீட்சையும் உண்டு என்றாள். நம்பவில்லை. நிஜம்தானாம். மனப்பாங்கு, அறநெறி, உரையாடல் மூன்றுக்கும் சேர்த்து 2019 முதல் பாடத்திட்டத்தில் இடம் கொடுத்திருக்கிறார்கள். சக மாணவன் ஒருவன் நோயாளியாக நடிக்கிறான்; இவள் வணக்கம் சொல்லி, தன் பெயரைச் சொல்லி, உட்காரச் சொல்லி, உங்கள் பிரச்சினை என்ன என்று கேட்க வேண்டும். பெயரைச் சொல்ல மறந்ததால் மதிப்பெண் போயிற்று என்று குறைப்பட்டுக்கொண்டாள். எங்கள் டாக்டர் தன் பெயரை எந்த நோயாளியிடமும் சொன்னதில்லை. இந்தப் பரீட்சையில் அவர் தேறியிருக்கமாட்டார். அவர் நோயின் பெயரையும் சொன்னதில்லை என்பதையும் நான் இங்கே சொல்லிவிட வேண்டும். “உனக்கெதுக்கு அதெல்லாம், மருந்தைச் சாப்பிடு” என்பதோடு சரி. இந்தப் பெண்ணோ, நோயாளிக்கு எல்லாவற்றையும் விளக்கி அவர் சம்மதம் வாங்கிக்கொண்டுதான் வயிற்றிலேயே கை வைப்பாளாம். பாட்டிக்குப் பூச்சி விஷயமும் தெரிந்திருக்கும்.

பழைய நாளைப் பேசும்போது நாக்கு தித்திப்பதைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளவும் வேண்டியிருக்கிறது. அந்த டிஸ்பென்சரியில் ஒரு பெஞ்சு உண்டு, ஒரு வாசற்படி உண்டு. பெஞ்சில் யார், படியில் யார் என்று பலகை எதுவும் எழுதி மாட்டவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தது. படியில் இருந்தவர்களின் பாட்டில்களைக் கிணற்றடியில் தனியாக வைக்கச் சொல்லி யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஏற்கெனவே தனியாகத்தான் வைத்திருந்தார்கள், நானும் கேட்காமல் கழுவினேன். வேளைக் காகிதத்தில் மட்டும் எல்லாருக்கும் ஒரே அளவுப் பல். இப்போது ஆஸ்பத்திரி வாசலில் ஓர் இயந்திரம் சீட்டுக் கொடுக்கிறது. நாற்பத்தேழு என்றால் நாற்பத்தேழு. மிராசுதார் பேரனும் வண்டிக்காரர் பேத்தியும் ஒரே சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருக்கிறார்கள். இயந்திரத்துக்கு யாருடைய சாதியும் தெரியாது. தம்பி சௌக்கியமா என்றும் கேட்கத் தெரியாது. இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால் நான் சீட்டைத்தான் வாங்கிக்கொள்வேன், முணுமுணுத்துக்கொண்டு.

நான் ஏன் டாக்டர் ஆகவில்லை என்று கேட்பீர்கள். ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்தேன் என்றால் கதை சுலபமாக முடியும். முதல் கட்டி கீறிய அன்று அதற்குத் தயாராகத்தான் நின்றேன், விழுந்தால் தாங்கச் சுவர் எந்தப் பக்கம் என்று கூடப் பார்த்துவைத்திருந்தேன். மயக்கம் வரவில்லை, பசிதான் வந்தது. என்னை விரட்டியது டூரிங் டாக்கீஸ். ‘வசந்த மாளிகை’ வந்திருந்தது. டாக்டர் வீட்டோடு நாற்காலி வகுப்பில் உட்கார்ந்திருந்தார். பாதிப் படத்தில், யாரையோ பாம்பு கடித்துத் தூக்கி வந்திருப்பதாகச் சொல்லி, ஒரு கண்ணாடித் துண்டில் ‘டாக்டர் உடனே வெளியே வரவும்’ என்று எழுதித் திரையில் காட்டினார்கள். கொட்டகையே திரும்பிப் பார்க்க அவர் எழுந்து போனார். பையனாக நான் ஆசைப்பட்ட கௌரவம் அதுதான். சிவாஜியை நிறுத்திவைத்து நம்மைக் கூப்பிடுகிறார்கள்! ஆனால் மறுநாள் காலை ஒரு விறகுவெட்டியின் கைக்குத் தையல் போட்டுக்கொண்டே அவர் என்னிடம் கேட்டார்: “சிவாஜி கடைசியில பிழைச்சாரா இல்லையா?” நான் கதையைச் சொல்லி முடிக்க, அவர் தையலை முடித்தார். எத்தனை வருஷமாக இப்படி என்று கம்பவுண்டர் மாமாவிடம் விசாரித்தேன். டாக்டரய்யா இடைவேளைக்குப் பிறகு எந்தப் படமும் பார்த்ததில்லை தம்பி, எல்லாம் நான் சொன்னதுதான் என்றார். அன்றைக்கே என் சேவை மனப்பான்மையில் ஒரு விரிசல் விழுந்துவிட்டது.

விடுமுறை முடிந்து அப்பா கேட்டபோது டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: “பாட்டில் நல்லா கழுவறான். கை சுத்தம். ஜனங்களோட பேச வருது. ராத்திரி பதினொரு மணிக்கு எழுப்பினா மட்டும் மூஞ்சியைக் காட்டறான்.” எந்த நுழைவுத் தேர்வும் ஒரு பையனைப் பற்றி இவ்வளவு துல்லியமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. நான் பி.எஸ்ஸி. படித்து வங்கிக்குப் போனேன். 1969இல் 14 வங்கிகளைத் தேசியமயமாக்கிய பிறகு கிராமம் கிராமமாகக் கிளை திறந்துகொண்டிருந்த காலம். பயிர்க் கடனுக்கு வந்தவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, தம்பி சௌக்கியமா என்று ஆரம்பித்தால், சிட்டா அடங்கலில் இல்லாததெல்லாம் வெளியே வந்துவிடும். ராத்திரி பதினொரு மணிக்கு யாரும் கடன் கேட்டு எழுப்பியதில்லை. எல்லாப் படத்தையும் கடைசி வரை பார்த்தேன். இப்போது அதுவும் போயிற்று. கைப்பேசி வந்த பிறகு தியேட்டரில் ஒவ்வொருவரும் பாதிப் படத்தில் எழுந்து வெளியே ஓடுகிறார்கள், ஒருவர் கூட டாக்டர் இல்லை.

இளைஞர்கள் முன்கூட்டியே தொழிலைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று இப்போது அரசாங்கமே கண்டுபிடித்திருக்கிறது. முன்பெல்லாம் எம்.பி.பி.எஸ். முதல் கட்டத்தில் பிணத்தைத் தவிர வேறு மனிதரைப் பார்க்கவே முடியாது. உயிரோடு இருக்கும் நோயாளி அடுத்த கட்டத்தில்தான் வருவார். 2019 முதல் ஆரம்பத்திலேயே வார்டுக்குக் கூட்டிப்போகிறார்கள். நல்ல யோசனை. ஆனால் அங்கே நின்றதற்கு லாக் புக்கில் தேதி, இடம், கற்றது, ஆசிரியர் கையெழுத்து எல்லாம் வேண்டும். அமெரிக்காவில் என் தம்பி பேரன், மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க டாக்டர்கள் பின்னால் நின்ற மணி நேரங்களைக் கூட்டிக்கொண்டிருக்கிறான். மேஜைப் பக்கம் நெருங்கக்கூடாது, எதையும் தொடக்கூடாதாம். பாட்டில் கூடக் கழுவவிடமாட்டார்களா என்று கேட்டேன். தாத்தாவுக்கு வயதாகிவிட்டது என்று அவன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறான்.

அக்கா பேத்திக்கு இன்னொரு வேலையும் உண்டு. 2021-22 முதல் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்துக்கொடுத்து, தொடர்ந்து போய்ப் பார்த்து வரச் சொல்கிறார்கள். அவளுக்குக் கிடைத்த வீடுகளில் ஒன்றில் ஒரு கிழவி. இவள் போய் வணக்கம் சொல்லி, மறக்காமல் பெயரையும் சொல்லி, ரத்த அழுத்தம் பார்த்து, உப்பைக் குறைக்கச் சொல்லி, எல்லாவற்றையும் விளக்கியிருக்கிறாள். கிழவி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஊசி கிடையாதா கண்ணு?” என்றாளாம். கிடையாது என்றதும், சரி பாவம் சின்னப் பொண்ணு என்று கொல்லையிலிருந்து ஒரு கட்டு முருங்கைக்காய் ஒடித்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். இவளுக்கோ அதை வாங்கலாமா கூடாதா என்று பெரிய அறநெறிக் குழப்பம். லாக் புக்கில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று இன்னொரு குழப்பம். என்னைக் கேட்டாள். எங்கள் டாக்டர் அறுவடைக்கு நெல்லாகவே வாங்கிக்கொண்டவர் என்று சொன்னேன். அது அவளுக்கு உதவவில்லை. கடைசியில், ‘இந்தச் சந்திப்பில் நான் உணர்ந்தது’ என்று ஒரு கட்டம் இருக்கிறதாம், அதில் முருங்கைக்காய் விஷயத்தை உள்ளபடியே எழுதிக் கொடுத்துவிட்டாள். போன வாரம் நோட்டு திரும்பி வந்தது. ஆசிரியர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: இன்னும் விரிவாக எழுதவும்.